வலியை வினவும் மொழி

நுழையும்முன்

உடலின் வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. குருதியின் அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. வலியை அளக்கும் கருவி எது? வலியுறுவோர் கூறும் சொல்லே அதற்குக் கருவியாகிறது. அச்சொல்லைப் பெற மருத்துவர் ஒரு வினாவைக் கேட்க வேண்டும். வினா பிழைபட்டால் விடையும் பிழைபடும். அவ்விடையை நம்பிச் செய்யப்படும் மருத்துவமும் பிழைபடும். ஒரு மொழியில் பிறந்த மருத்துவ வினாக்கள் பிரெஞ்சு, தமிழ் முதலிய பிற மொழிகளுக்குச் செல்லும்போது நேரும் சிக்கல்களையும் அவற்றைத் தீர்க்கும் நெறிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

செஞ்சியில் ஒரு காலை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அமைந்துள்ளது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுப்பிய கோட்டையால் அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. குன்றின் உச்சிவரை கல்லும் சுண்ணாம்பும் சுமந்து சென்ற தோள்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்றும் கோட்டையைச் சூழ்ந்துள்ள ஊர்களில் நாற்று நடுவதும், களை எடுப்பதும், கதிர்க்கட்டுகளைத் தலையில் ஏற்றுவதும் தோள்வலிமையை நம்பிய தொழில்களே.

அத்தகைய ஊரொன்றில் வாழும் ஐம்பது வயது வேளாண் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சில மாதங்களாக அவரால் வலக்கையைத் தோளுக்குமேல் உயர்த்த இயலவில்லை. கூந்தலை அள்ளி முடிய முடியவில்லை. வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் உறக்கம் கலைகிறது. மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே அவரிடம் ஒரு தாள் தரப்படுகிறது. அதில் ஒரு வினா: "கால்சட்டையின் பின்பையிலிருந்து ஒரு பொருளை எடுப்பது உங்களுக்கு எவ்வளவு கடினம்?"

அவர் வாழ்நாளில் கால்சட்டை அணிந்தவர் அல்லர். பின்பை என்பது அவர் அறியாத ஒன்று. சற்றே தயங்கிவிட்டு, "எனக்கு அதில் ஒரு கடினமும் இல்லை" என்கிறார். தாளில் சுழியம் பதிவாகிறது. அவர் பொய் கூறவில்லை; ஆயினும் தாளில் பதிந்தது உண்மையன்று.

வினாப்பட்டியல் என்னும் அளவுகோல்

மனித உடலின் மூட்டுகளுள் மிகுதியான அசைவுடையது தோள்மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. குழி ஆழமற்றதாக இருப்பதால் கை எத்திசையிலும் சுழல்கிறது. அதனாலேயே அம்மூட்டு எளிதில் ஊறுபடவும் செய்கிறது. மூட்டைச் சூழ்ந்த உறை தடித்து இறுகும் 'உறைந்த தோள்' என்னும் நிலை நீரிழிவு நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

தோள் எந்த அளவுக்கு உயர்கிறது என்பதைக் கோணமானியால் அளக்கலாம். ஆனால், அந்தத் தோளோடு ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைக் கோணமானி கூறாது. இதனை அறியவே வினாப்பட்டியல்கள் உருவாயின. அவற்றுள் ஒன்று 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்ட 'தோள்வலி – செயற்குறைவுக் குறியீடு'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அது 'ஸ்பேடி' எனப்படுகிறது. அதில் 13 வினாக்கள் உள்ளன. 5 வினாக்கள் வலியைப் பற்றியவை. 8 வினாக்கள் அன்றாடச் செயல்களில் நேரும் இடர்ப்பாட்டைப் பற்றியவை. தலைமுடியைக் கழுவுதல், முதுகைத் தேய்த்தல், தலைவழியே அணியும் உடையை அணிதல், முன்புறம் பொத்தானிடும் சட்டையை அணிதல், கால்சட்டை அணிதல், உயரமான தட்டில் பொருளை வைத்தல், பத்துப் பவுண்டு எடையைச் சுமத்தல், பின்பையிலிருந்து பொருளை எடுத்தல் என்பன அந்த எட்டுச் செயல்கள். இன்று பரவலாகப் பயன்படும் வடிவத்தில் ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண்ணை நோயாளி தேர்ந்தெடுப்பார். மதிப்பெண் கூடக்கூட இடர்ப்பாடு மிகுதி என்பது பொருள்.

அறுபதும் முப்பத்தேழரையும்

செஞ்சிப் பெண்மணியின் விடைகளை இனிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். செயல் பற்றிய எட்டு வினாக்களுள் அவர் வாழ்வோடு பொருந்துவன ஐந்து எனக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் அவர் 6 என்று விடை தருகிறார், கூட்டுத்தொகை 30. கால்சட்டை, பின்பை, தலைவழியே அணியும் கம்பளிச் சட்டை ஆகிய மூன்றும் அவருக்குப் பொருந்தாதவை.

இம்மூன்று வினாக்களையும் 'பொருந்தாது' என நீக்கினால், மிகுதியாகப் பெறத்தக்க மதிப்பெண் 50. அவருடைய செயற்குறைவு ஐம்பதுக்கு முப்பது, அதாவது 60 விழுக்காடு. பொருந்தாத வினாக்களுக்குச் சுழியம் இட்டுக் கணக்கிட்டால் எண்பதுக்கு முப்பது, அதாவது 37.5 விழுக்காடு. தோளும் வலியும் மாறவில்லை. வலியை வினவிய மொழி மட்டுமே அவருக்கு அயலாக இருந்தது. அதனால் அவருடைய செயற்குறைவு மதிப்பில் இருபத்திரண்டரை விழுக்காட்டுப் புள்ளிகள் தாளில் காணாமற்போயின.

இயன்முறை மருத்துவம் எத்தனை வாரங்கள் தேவை, அறுவை மருத்துவம் வேண்டுமா, முன்பு அளித்த மருத்துவம் பயன் தந்ததா என்பனவற்றை முடிவு செய்ய இத்தகைய எண்கள் துணைபுரிகின்றன. ஆகவே, பொருந்தாத வினா என்பது மொழிநடைக் குறை மட்டுமன்று. உரிய மருத்துவம் ஒருவரைச் சேராமல் தடுக்கும் குறையுமாகும்.

வினாக்களை நீக்கிவிடுவதும் முழுத் தீர்வாகாது. பின்பையிலிருந்து பொருளை எடுக்கும் வினா, பையைப் பற்றியதன்று. கை முதுகுப்புறம் திரும்பிச் செல்லும் அசைவைப் பற்றியது. வினாவை நீக்கினால் அவ்வசைவு அளக்கப்படாமல் போகும். சேலையின் பின்பக்கத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்தலும் ஏறத்தாழ அதே அசைவுதான். முன்புறக் கொக்கியுடைய இரவிக்கையை அணிதல், பொத்தான் சட்டை அணிதலுக்கு நிகராகும். ஆக, பெயர்க்க வேண்டியது சொல்லை அன்று. சொல் சுட்டும் உடலசைவை.

பிரெஞ்சு மொழிக்குச் சென்ற வினாக்கள்

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்துக்கு மிக அண்மையில் வழங்கும் பிரெஞ்சு மொழியும் இதனை எதிர்கொண்டது. செஞ்சிக்கும் பிரெஞ்சு மொழி புதிதன்று. 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் தமிழர் இன்றும் வாழ்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகின்றனர். ஆகவே, 'பிரெஞ்சு பேசும் நோயாளி' என்னும் தொடர் பாரிசில் வாழ்பவரை மட்டும் குறிப்பதன்று.

தோள் முதல் விரல்வரை மேலுறுப்பு முழுவதையும் பற்றிய 'டாஷ்' என்னும் மற்றொரு வினாப்பட்டியல் 1996ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் 30 வினாக்கள் உள்ளன. அதன் பிரெஞ்சு வடிவம் 2001ஆம் ஆண்டு பிரான்சில் வெளியிடப்பட்டது. பின்னர் 2005ஆம் ஆண்டு கனடாவில் பேசப்படும் பிரெஞ்சுக்கெனத் தனி வடிவம் ஒன்று வெளிவந்தது. மொழி ஒன்று, வாழ்க்கை வேறு. எனவே, வினாப்பட்டியலும் இரண்டாயிற்று.

எடையைக் குறிக்கும் ஒரு சொல் இதனை நன்கு விளக்கும். ஆங்கிலப் பவுண்டு ஏறத்தாழ 454 கிராம். அதற்கு நேரான பிரெஞ்சுச் சொல் 'லீவ்ர்'. கனடாவில் அச்சொல் ஆங்கிலப் பவுண்டையே குறிக்கும். பிரான்சின் சந்தையிலோ அரைக் கிலோவைக் குறிக்கும். 'பத்து லீவ்ர்' என்று எழுதினால் கனடா நோயாளி நாலரைக் கிலோவையும், பிரான்சு நோயாளி ஐந்து கிலோவையும் எண்ணி விடையளிப்பர். சொல் சரியாகவே இருந்தும் அளவு பிறழ்ந்துவிடும்.

ஒலியால் ஒத்த சொற்களும் ஏமாற்றுவதுண்டு. கடும் வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'சிவியர்'. பிரெஞ்சில் அதன் உறவுச்சொல் 'செவேர்'. ஆனால், அது முதன்மையாகக் கண்டிப்பான ஆசிரியரையோ கடுமையான சட்டத்தையோ சுட்டும் சொல். வலியின் மிகுதியைக் கூற 'ஆந்தான்ஸ்' என்னும் வேறொரு சொல்லே பிரெஞ்சுக்கு இயல்பானது.

இருமொழியாளர் மரபும் இன்றைய நெறியும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பகுதியில் பிரெஞ்சுக்காரருக்கும் தமிழருக்கும் இடையே நின்று பேசியோர் துபாஷிகள் எனப்பட்டனர். இரு மொழி வல்லவர் என்பது அச்சொல்லின் பொருள். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கர், 1736 முதல் 1761 வரையிலான நிகழ்வுகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதினார். துபாஷி கூறுவதை இருதரப்பினரும் நம்ப வேண்டியிருந்தது. அவர் கூற்றைச் சரிபார்க்க மற்றொருவரின் துணை எப்போதும் கிட்டியிராது.

இன்றைய மருத்துவ மொழிபெயர்ப்பு, ஒருவரையே நம்பும் அந்நிலையை மாற்றியது. கனடா, பிரான்சு, பிரேசில் நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர் நால்வர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை ஆறு படிகளை வகுத்துள்ளது.

முதற்படியில் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கின்றனர். ஒருவர் வினாக்களின் மருத்துவ நோக்கத்தை அறிந்தவர்; மற்றவர் அதனை அறியாத பொதுமனிதர். பொதுமனிதரின் பெயர்ப்பில்தான் மக்கள் வழக்கு வெளிப்படும். இரண்டாம் படியில் இரு பெயர்ப்புகளும் ஒப்பிடப்பட்டு ஒன்றாக்கப்படுகின்றன. மூன்றாம் படி மீள்பெயர்ப்பு: மூலத்தைப் பார்த்திராத இருவர், புதிய வடிவத்தை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்க்கின்றனர். திரும்பி வந்த வினா புறப்பட்ட வினாவோடு ஒவ்வாவிடில் இடையில் ஏதோ பிறழ்ந்துள்ளது என்பது புலனாகும். நான்காம் படியில் மருத்துவர், மொழி வல்லுநர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் கூடி ஒவ்வொரு வினாவையும் ஆராய்கின்றனர். ஐந்தாம் படியில் 30 முதல் 40 நோயாளிகளிடம் வினாக்கள் கேட்கப்படுகின்றன. அவர்கள் அளித்த விடையோடு, வினாவை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதும் கேட்டறியப்படுகிறது. ஆறாம் படியில் எல்லாப் பதிவுகளும் மூலத்தை உருவாக்கியோரின் பார்வைக்கு அனுப்பப்படுகின்றன. பன்னிரண்டு வயதுச் சிறுவருக்கும் விளங்கும் எளிமை வினாவில் வேண்டும் என்பதும் இந்நெறியின் அறிவுரை.

இவற்றோடு பணி நிறைவுறாது. நிலையில் மாற்றமில்லாத நோயாளியிடம் சில நாள் இடைவெளியில் மீண்டும் கேட்டால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வரவேண்டும், இது நம்பகத்தன்மை. அளக்க எண்ணியதையே அக்கருவி அளக்க வேண்டும், இது ஏற்புடைமை. ஸ்பேடியின் தமிழ் வடிவத்தை இவ்வகையில் ஆராய்ந்த கட்டுரை 2012ஆம் ஆண்டு ஹாங்காங் இயன்முறை மருத்துவ இதழில் வெளிவந்தது.

> தெரிந்து தெளிவோம்
>
> நால்வகை ஒப்புமை
>
> சொற்பொருள் ஒப்புமை – சொல் குறிக்கும் பொருள் இரு மொழியிலும் ஒன்றாதல்.
>
> மரபுத்தொடர் ஒப்புமை – மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், நிகரான வழக்கைக் காணுதல்.
>
> பட்டறிவு ஒப்புமை – வினாவில் வரும் செயல், விடையளிப்பவரின் வாழ்வில் உள்ள செயலாதல். முள்கரண்டியால் உண்ணுதல் பற்றிய வினா, கையால் உண்போருக்குப் பொருந்தாது.
>
> கருத்து ஒப்புமை – 'குடும்பம்' போன்ற சொல், இரு பண்பாட்டிலும் ஒரே உறவுவட்டத்தைக் குறிக்கிறதா எனத் தெளிதல்.

தமிழில் வலி

தமிழுக்கு வரும் வினாக்கள் எதிர்கொள்ளும் முதல் தடை 'கை' என்னும் சொல்லிலேயே உள்ளது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தோள் முதல் மணிக்கட்டுவரை ஒரு சொல். மணிக்கட்டுக்குக் கீழே வேறொரு சொல். தமிழில் தோளின் கீழ் விரல்நுனிவரை யாவும் 'கை'யே. "கை வலிக்கிறது" என்பவர் விரலையும் சுட்டலாம், தோளையும் சுட்டலாம். எனவே, தோளின் படத்தை வினாத்தாளில் அச்சிட்டு, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் செய்வது நன்று.

இரண்டாவது, வலியைக் குறிக்கும் சொற்களின் வளம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, எரிச்சல், நோவு, சுளுக்கு எனத் தமிழர் வலியின் தன்மையைப் பிரித்துக் கூறுவர். "வலி இருக்கிறதா?" என்று வினவினால், "வலி இல்லை, குடைச்சல்தான்" என்று விடை வரக்கூடும். அவ்விடையைக் கேட்டு வலி இல்லை எனப் பதிவது பிழை. அத்தனை சொற்களும் அடங்குமாறு வினாவை அமைப்பதே முறை.

மூன்றாவது, செயலின் கடுமை. உயரமான தட்டு என்பதைப் 'பரண்' என்று பெயர்த்தால் நாட்டுப்புற வழக்காக இனிமையாக ஒலிக்கும். ஆனால், பரணுக்கு ஏணி வேண்டும். மூல வினாவின் தட்டுக்குக் கையை உயர்த்தினால் போதும். அதுபோலவே, பத்துப் பவுண்டு எடையை 'நிறைகுடம்' என்று மாற்றினால், 15 லிட்டர் கொள்ளும் குடம் மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். நலமான தோளும் அதற்குச் சோர்ந்துவிடும். ஐந்து கிலோ அரிசிப்பையே மூலத்துக்கு நெருக்கமானது. மண்ணின் மணம் இருந்தால் மட்டும் போதாது; அளவும் ஒத்திருக்க வேண்டும்.

நான்காவது, எண். சுழியம் முதல் பத்து வரை வலிக்கு எண் தருதல் பலருக்குப் பழக்கமில்லாதது. பாதி, கால், முக்கால் என்று கூறுவது அவர்களுக்கு இயல்பு. அத்தகையோருக்குப் பொறுமையுடன் விளக்கிக் கூறிய பின்னரே விடையைப் பெறவேண்டும். எழுத்தறியாதோர்க்கு வினாக்களைப் படித்துக் காட்டும்போது, படிப்பவரின் குரலே விடையைத் தூண்டிவிடாதவாறு காத்தல் வேண்டும். பிரெஞ்சு வினாத்தாளில் மரியாதைப் பன்மை வருவதைப்போல, தமிழிலும் 'நீங்கள்' என்றே வினா அமைதல் தகும்.

கேட்கும் கடமை

தமிழருக்கு மொழிபெயர்ப்பு புதிதன்று. வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் தொல்காப்பிய மரபியல் வைத்துள்ளது. மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த திருவள்ளுவர், மருத்துவருக்கும் மருந்துக்கும் முன்பாக நோயுற்றவரை வைத்தார். இவ்விரண்டு நெறிகளும் சந்திக்கும் இடமே மருத்துவ வினாவின் மொழிபெயர்ப்பு.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அதன்வழி இயன்முறை மருத்துவமும் இல்லம் தேடி வருகிறது. மருத்துவம் வீட்டு வாயிலுக்கு வந்தபின்னும் வினா வெளியூரிலேயே நின்றுவிடலாகாது. செஞ்சிப் பெண்மணியிடம், "முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சேலையைச் சரிசெய்ய உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது?" என்று கேட்டால் அவர் தயங்கமாட்டார். கையைப் பின்னால் கொண்டுசென்று பார்ப்பார், பாதியிலேயே முகம் சுளிப்பார், "எட்டு" என்பார். முன்பு சுழியமாக இருந்த இடத்தில் இப்போது அவருடைய வலி பதிவாகும்.

கற்பவை கற்றபின்…

1. வீட்டிலும் ஊரிலும் வலியைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
2. தோளை உயர்த்திச் செய்யும் அன்றாடச் செயல்கள் ஐந்தினைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் எளிய வினாவாக அமைக்க.
3. நான்கு மாணவர் குழுவாக அமைந்து, ஆங்கிலப் பத்தியொன்றை இருவர் தமிழாக்க, மற்ற இருவர் மூலத்தைப் பார்க்காமல் மீள்பெயர்ப்புச் செய்க. வேறுபட்ட இடங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

சிறுவினா

1. மீள்பெயர்ப்பு என்பது யாது? அதன் பயனைக் கூறுக.
2. 'லீவ்ர்' என்னும் சொல்லால் நேரும் அளவுப் பிறழ்வை விளக்குக.
3. நிறைகுடம் என்னும் பெயர்ப்பு ஏன் பொருந்தாது?

நெடுவினா

1. "பெயர்க்க வேண்டியது சொல்லை அன்று, சொல் சுட்டும் உடலசைவை." இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளால் நிறுவுக.